தெரியும், ஆனால் செய்ய முடியவில்லை
ஏடிஎச்டி உள்ளவருக்குப் பயிற்றுநர் எப்படித் துணையாகலாம்? - படிப்பு வட்டப் பாடம்

இந்த மாதப் படிப்பு வட்டத்திற்கு ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் மருத்துவனும் இல்லை, மனநல ஆலோசகனும் இல்லை. ஒரு கிளையின் செயலாளர், ஏடிஎச்டி உள்ளவன், அவ்வளவுதான். பாடத்தை ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தவறு என்னுடையது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், வட்டாரத் திருமுறை ஓதும் போட்டிக்கு எங்கள் கிளைப் பிள்ளைகள் 10 பேரின் பெயரை அனுப்பும் பொறுப்பை ஒரு தம்பியிடம் கொடுத்தேன். அவனுக்கு அப்போது 16 வயது. அன்னதானம் என்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்பவன். பாரத்தில் பெயர், வயது, அடையாள எண் எழுத வேண்டும். அரை மணி நேர வேலை. மூன்று வாரம் அவகாசம் இருந்தது. இறுதி நாள் முடிந்த பிறகுதான் தெரிந்தது, பாரம் போகவே இல்லை. இரண்டு மாதம் பாடிப் பழகிய 10 பிள்ளைகளும் போட்டிக்குப் போக முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "மூனு வாரம் என்னாப்பா செஞ்சே? அரை மணி நேர வேலை இது. சோம்பேறித்தனத்துக்கும் ஓர் அளவு வேணாமா?"

அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நான் சொன்ன அந்த வார்த்தை எனக்குப் புதியதல்ல. சிறு வயதிலிருந்து என் அப்பா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததுதான். வீட்டுப்பாடம், பல்கலைக்கழக விண்ணப்பம், சாலை வரி, மின்சாரக் கட்டணம் என்று எதையுமே நேரத்திற்குச் செய்து நான் பழகியதில்லை. அந்தத் தம்பியைத் திட்டிய சில மாதங்களில், வேலையிடத்தில் எனக்கே எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாத அறிக்கையை மூன்று முறை தாமதமாகக் கொடுத்திருந்தேன். உடன் வேலை செய்யும் ஒருவர்தான், "டாக்டரைப் போய்ப் பாரு, இது வெறும் பழக்கமா தெரியல" என்றார்.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பெயர் பதிந்தேன். அங்கே கொடுத்த கடிதத்தோடு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். மருத்துவர் என் தமிழ்ப்பள்ளி மதிப்பெண் அறிக்கைகள் இருக்கின்றனவா என்று கேட்டார். அம்மா பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, வெவ்வேறு ஆசிரியர்களின் கையெழுத்தில் ஒரே கருத்து: கெட்டிக்காரன், கவனம் போதாது. எனக்கு அப்போது வயது 27.

ஏடிஎச்டி என்றால் என்ன?

கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு, யோசிக்குமுன் செய்துவிடும் வேகம் ஆகியவை சேர்ந்த ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இது. சிலருக்குக் கவனக்குறைவு மட்டும் மேலோங்கி இருக்கும். சிலருக்கு ஓட்டமும் அவசரமும் மேலோங்கும். பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். முதல் வகையினர் வகுப்பில் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்பதால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. பெண் பிள்ளைகள் பலர் இப்படித்தான் "கனவு கண்டுக்கிட்டே இருப்பா" என்ற பெயரோடு தப்பிவிடுகிறார்கள்.

உலக அளவில் பிள்ளைகளில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கும், பெரியவர்களில் ஏறக்குறைய 2.5 விழுக்காட்டினருக்கும் இது இருப்பதாக ஆய்வுகள் கணிக்கின்றன. மரபின் பங்கு மிகப் பெரியது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதை 70 விழுக்காட்டுக்கு மேல் வைக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். கார் சாவியைத் தேடாமல் அவர் வேலைக்குப் போன நாளே இல்லை.

"கைப்பேசி பார்த்துப் பார்த்து இப்ப எல்லாருக்கும் ஏடிஎச்டி வந்துடுச்சு" என்று சொல்வார்கள். கைப்பேசி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, 1902இல், ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் நிகழ்த்திய உரைகளில் இத்தகைய பிள்ளைகளை விவரித்திருக்கிறார். ஆனால் அவரே அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றுதான் அழைத்தார். மருத்துவரே ஒழுக்கத்தின் கணக்கில் எழுதிய காலம் அது. நம் வீடுகளில் அந்தக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை.

மருத்துவர்கள் இதைச் சும்மா ஒட்டிவிடுவதில்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலையிடம் என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். மதிப்பெண் அறிக்கையை மருத்துவர் ஏன் கேட்டார் என்று இப்போது புரிந்திருக்கும். ஆகவே டிக்டாக் காணொலி ஒன்றைப் பார்த்துவிட்டு யாரும் தனக்குத்தானே முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம். மற்றவர் மீதும் குத்த வேண்டாம்.

அறிவுரை ஏன் வேலை செய்வதில்லை?

எனக்குக் கிடைத்த அறிவுரைகளைச் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம். அட்டவணை போடு, சீக்கிரம் தூங்கு, முக்கியமானதை முதலில் செய். எல்லாம் சரியான அறிவுரைகளே. எல்லாம் எனக்குத் தெரிந்தவையே.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது இது: ஏடிஎச்டியில் பெரிதும் அடிபடுவது அறிவு அல்ல, அறிந்ததைச் செய்யும் திறன். தொடங்குவது, நேரத்தை உணர்வது, மனத்தில் ஒன்றைப் பிடித்து வைத்திருப்பது, பாதியில் வரும் ஆசையை ஒதுக்குவது ஆகியவற்றை நிருவகிக்கும் மூளைச் செயல்கள் இதில் தடுமாறுகின்றன. எனக்கு நேரம் இரண்டே வகை: 'இப்போது', 'அப்புறம்'. மூன்று வாரம் தள்ளி இருக்கிற இறுதி நாள், 'அப்புறம்' என்ற பெரிய மூட்டைக்குள் போய்விடும். அது 'இப்போது' ஆகும்போது இரவு மணி 11.

தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். தெரிந்தும் செய்ய முடியாதவனுக்கு, செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய நேரத்தில் ஒரு துணை வேண்டும். அந்தத் துணையைக் கட்டிக் கொடுப்பதுதான் பயிற்றுநரின் வேலை.

பயிற்றுநர் என்ன செய்கிறார்?

பயிற்றுநர் என்றால் நமக்குப் பந்து விளையாட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு ஒரு பயிற்றுநர் உதவலாம் என்ற எண்ணம், ஹாலோவெல், ரேட்டி என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட நூலால் பரவலானது. இருவருமே தங்களுக்கு ஏடிஎச்டி உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள்.

மருத்துவர் நோயறிந்து மருந்து தருகிறார். உளவியல் சிகிச்சை தருபவர் மனக்காயத்தையும் பதற்றத்தையும் கவனிக்கிறார். பயிற்றுநர் இந்த வாரத்தைக் கவனிக்கிறார்: என்ன செய்ய நினைத்தீர்கள், எங்கே தடைபட்டது, அடுத்த முறை எதை மாற்றிப் பார்க்கலாம்? மருந்து எனக்கு உட்கார உதவியது. உட்கார்ந்த பிறகு எதிலிருந்து தொடங்குவது என்பதை மருந்து சொல்லவில்லை.

நான் ஆறு மாதம் ஓர் அக்காவிடம் பயிற்சி பெற்றேன். வாரம் ஒரு முறை, காணொலி வழி முக்கால் மணி நேரம். முதல் சந்திப்பில் என் குறைகளை ஒரு பட்டியலாக வாசித்தேன். கேட்டுவிட்டு அவர், "சரி. நீங்க விடாம செஞ்சு முடிச்ச ஒன்னு சொல்லுங்க" என்றார்.

யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: "தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து பத்துமலையில பால்குடம் எடுத்தேன். ரெண்டு வருஷம். ஒரு நாள்கூடத் தவறல."

"விரதத்துக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது?"

இதே கேள்வியை என் அம்மாவும் கேட்டிருக்கிறார். "விரதத்துக்கு மட்டும் எப்புடி முடியுது? அப்ப மனசு வச்சா முடியுதுதானே!" அம்மா கேட்டபோது அது குற்றச்சாட்டு. எனக்கு மனசு இல்லை என்பதற்கு விரதமே சாட்சி. அக்கா கேட்டபோது அது ஒரு துப்பு. அவர் உண்மையாகவே பதிலைத் தெரிந்துகொள்ள விரும்பினார்.

இருவரும் சேர்ந்து எழுதினோம். கழுத்தில் மாலை இருந்தது. குனியும்போதெல்லாம் கண்ணில் பட்டது. குளிப்பதற்கும் சாமி கும்பிடுவதற்கும் ஒரே நேரம். என்ன சாப்பிடுவது என்று முடிவெடுக்கும் வேலையே இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் கூட விரதம் இருக்கும் பத்துப் பேர் இருப்பார்கள். எத்தனை நாள் மீதம் என்று அம்மா நாள்காட்டியில் குறித்து வந்தார். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

எழுதியதைப் பார்த்ததும் புரிந்தது. இதில் ஒன்றுகூட என் தலைக்குள் இருந்ததல்ல. எல்லாம் வெளியே இருந்தது. பக்தி எனக்குக் காரணத்தைக் கொடுத்தது. விரத முறை என்னைத் தாங்கிப் பிடித்தது. மாத அறிக்கைக்கு என்னிடம் காரணம் இருந்தது, தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. நம் பெரியவர்கள் விரதத்திற்கு வைத்த ஏற்பாட்டை, என் வேலைக்கும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதுதான் அடுத்த ஆறு மாதப் பயிற்சி.

நாங்கள் முயன்றவை

முதலாவது, தொடக்கத்தைச் சிறிதாக்குவது. "அறிக்கை எழுது" என்பது வேலை இல்லை, மலை. "கணினியைத் திறந்து, கோப்புக்குப் பெயர் வை" என்பது வேலை. முதல் படி இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, நேரத்தைக் கண்ணுக்குக் காட்டுவது. கைப்பேசியில் மணி பார்க்கப் போனால் புலனத்தில் அரை மணி நேரம் போய்விடும். அதனால் மேசைக்கு எதிரே முள் வைத்த சுவர்க் கடிகாரம் மாட்டினேன். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று சமையல் டைமரை வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டி வைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999இல் இதை விளக்கி எழுதினார். "நாளைக்குக் கட்டணம் கட்டணும்" என்பது ஆசை. "காலையில் தேநீர்க் குவளையை மேசையில் வைத்ததும், கட்டணப் பக்கத்தைத் திறப்பேன்" என்பது திட்டம்.

நான்காவது, பக்கத்தில் ஓர் ஆள். அவர் உதவ வேண்டாம், பேசவும் வேண்டாம். தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஏன் உதவுகிறது என்று கேட்டால் என்னால் விளக்க முடியாது. என் தங்கை பாடம் படிக்கும்போது எதிரே உட்கார்ந்துதான் இப்போதும் நான் அறிக்கை எழுதுகிறேன்.

ஐந்தாவது, பழி இல்லாத கணக்கு. வாரக் கடைசியில் அக்கா கேட்பது "ஏன் செய்யல?" என்றல்ல. "எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேட்பார். "ஏன்" என்று கேட்டால் சாக்குச் சொல்லத் தோன்றும். "எந்த இடம்" என்று கேட்டால் அந்த இடத்தைத் தேடத் தோன்றும்.

எல்லாம் பலித்துவிடவில்லை. சுவரில் ஒட்டிய வண்ணத் தாள்கள் இரண்டு வாரத்தில் என் கண்ணுக்கே தெரியாமல் போயின. அட்டவணைச் செயலிகள் நான்கை இறக்கினேன், நான்கையும் மறந்தேன். ஒன்று பலிக்கவில்லை என்றால் அக்கா அதை மாற்றினார், என்னைத் திட்டவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஓர் அறிக்கை தாமதமானது. மற்ற ஐந்தும் நேரத்தில் போயின.

தேரோட்டியின் பாடம்

கீதை வகுப்பில் நாம் எல்லாரும் படித்ததுதான். அர்ஜுனனுக்கு ஏடிஎச்டி என்று சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணன் அவனை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் அவரும் கடிந்துதான் பேசுகிறார். அந்தக் கடிதலில் அர்ஜுனன் எழுந்திருக்கவில்லை. போர் செய்ய மாட்டேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகிறான். அதன் பிறகுதான் நீண்ட உரையாடல். ஆறாம் அத்தியாயத்தில், மனம் காற்றைப் போல அடக்க முடியாதது என்று அர்ஜுனன் முறையிடும்போது, "அப்படியெல்லாம் இல்லை, நீ மனசு வைக்கல" என்று கண்ணன் சொல்லவில்லை. அது கடினம்தான் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகே பயிற்சியையும் பற்றின்மையையும் வழியாகக் காட்டுகிறார். கடைசி அத்தியாயத்திலும், நன்றாக ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவன் கையிலேயே விடுகிறார்.

தேரைச் செலுத்தியவர் அவர், வில்லை எடுத்தவன் அர்ஜுனன். நல்ல பயிற்றுநரும் இப்படித்தான். உங்கள் வேலையை அவர் செய்துவிட மாட்டார். முடியாது என்று நீங்கள் சொல்வதை முதலில் நம்புவார்.

எச்சரிக்கை

பயிற்சிக்கும் எல்லை உண்டு. இதைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவு. பல சிறியவை, கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. மருந்துக்கு உள்ள அளவுக்குச் சான்று இதற்கு இன்னும் சேரவில்லை. மருந்து வேண்டுமா, எந்த அளவு என்பது மருத்துவரும் நீங்களும் பேசி முடிவு செய்ய வேண்டியது. நண்பனின் மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்து, சட்டப்படியும் தவறு.

மலேசியாவில் ஆலோசகராகத் தொழில் செய்பவர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிந்திருக்க வேண்டும். 'கோச்' என்று பெயர்ப்பலகை வைக்க அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: எங்கே பயிற்சி பெற்றீர்கள்? ஏடிஎச்டி உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா? உங்களால் முடியாத நிலை வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்? மருந்தை நிறுத்தச் சொல்பவர், குணப்படுத்துவேன் என்பவர், ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கேட்பவர் ஆகிய மூவரிடமும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தீராத சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அது பயிற்றுநரின் வேலையே இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறுபடியும் அந்தத் தம்பி

பயிற்சி தொடங்கி இரண்டு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். எல்லார் முன்னாலும் பேசியது என் தவறு என்றேன். வகுப்பிலும் அதைச் சொல்கிறேன் என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்:

"மறக்கலைண்ணே. மூனு வாரமும் ஞாபகம் இருந்துச்சு. தெனம் அந்தப் பாரத்தைப் பார்ப்பேன். தொட முடியல. நாளாக நாளாக இன்னும் பயமா போச்சு."

சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். இவன் மூன்று வாரம் தூங்கவில்லை. நான் அன்று வகுப்பில் "என்னா செஞ்சே?" என்று கேட்டதற்கு உண்மையான பதில் இது. அப்போது அந்தப் பதிலைக் கேட்க நான் தயாராக இல்லை.

அவனுக்கு ஏடிஎச்டி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்வது என் வேலையும் இல்லை. கிளினிக்குக்குப் போகும் வழியை அவன் அம்மாவிடம் சொன்னேன், முடிவு அவர்களுடையது. என் கையில் இருந்ததை மட்டும் செய்தேன். அடுத்த ஆண்டுப் போட்டிக்கும் அதே பாரத்தை அவனிடமே கொடுத்தேன். இந்த முறை ஞாயிறு வகுப்பு முடிந்ததும், கோயில் மண்டபத்தில் அவன் பாரத்தை எழுத, நான் எதிரே உட்கார்ந்து கிளைக் கணக்கு எழுதினேன். இரண்டு ஞாயிறு ஆனது. இறுதி நாளுக்கு முந்திய நாள் பாரம் போனது. ஒரு பிள்ளையின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. தொலைபேசியில் அழைத்துத் திருத்தினோம். பத்துப் பேரும் பாடினார்கள்.

கலந்துரையாட

1. உங்கள் கிளையில் "பொறுப்பில்லாதவர்" என்று பெயர் வாங்கியவர் யார்? பெயரை வெளியே சொல்ல வேண்டாம். அவர் எந்த வேலையில் தவறாமல் நிற்கிறார்? அந்த வேலையில் அவரைத் தாங்கிப் பிடிப்பது என்ன?

2. நாம் பொறுப்புக் கொடுக்கும்போது இறுதி நாளை மட்டும் சொல்கிறோமா, முதல் படியையும் சேர்த்துச் சொல்கிறோமா?

3. "ஏன் செய்யல?" என்பதற்குப் பதில் "எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேட்டால், அடுத்த செயலவைக் கூட்டம் எப்படி மாறும்?

இந்த வாரப் பயிற்சி: நெடுநாள் தள்ளிப்போட்ட ஒரு வேலையோடு நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். அவருக்கும் அப்படி ஒரு வேலை இருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து 25 நிமிடம் செய்யுங்கள். முடிந்ததும் ஒன்றாகப் போய்த் தேநீர் குடியுங்கள்.